பம்புக்குள் தண்ணீர் வந்த வழி

ஜூலை மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. மூன்று நாள்களாக விட்டுவிட்டுப் பெய்த மழை அன்று விடியற்காலையில் ஓய்ந்தது. வானம் வெளிறியிருந்தது, வருவதா வேண்டாமா என்று வெயில் தயங்கிக்கொண்டிருந்தது. காற்று மிதமானது. ஆற்றில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

என் தொழில் படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பது. படகின் பின்பலகையில் மாட்டப்படும் எஞ்சினுக்கு உயிர்நாடி எது என்று என்னைக் கேட்டால், பிஸ்டன் என்று நான் சொல்லமாட்டேன். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான பெட்ரோல் பம்பு என்பேன். அதனுள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தாள் உண்டு. அத்தாள் இடைவிடாமல் துடித்து, தொட்டியிலுள்ள பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. தாள் துடிக்கும்வரை படகு ஓடும். தாள் நின்றால், எத்தனை குதிரைத்திறன் இருப்பினும், அது ஆற்றின் நடுவே மிதக்கும் வெறும் பலகையே ஆகும்.

காலை எட்டேகால் மணிக்கு அப்படிப்பட்ட பலகையிலிருந்து இறங்கி வந்தவரைப்போல் கப்பித்தான் என் பட்டறைக்குள் நுழைந்தார். அவர் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றும் படகை ஓட்டுபவர். கப்பல் எதிலும் அவர் வேலை செய்ததில்லை. எனினும் இருபது ஆண்டுகளாக அவருக்கு அதுவே பெயர். அவருக்குப் பின்னால் இருவர் எஞ்சினையும் அதன் பெட்ரோல் தொட்டியையும் ஒரு கழியில் கட்டித் தூக்கி வந்தனர்.

"யோவ் மெக்கானிக்! நீ பம்பு மாத்தி எத்தனை நாள் ஆச்சு?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாள்! புது செருப்புகூட அதுக்கு மேல உழைக்கும்யா!"

"முதல்ல உட்காரு. என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

"என்ன ஆச்சா? ஆறு நாப்பதுக்கு எடுத்தேன். பதினாலு பேர். நடு ஆத்துல மூணு தடவை இருமிச்சு, அப்புறம் மூச்சே இல்ல. தண்ணி இழுத்துக்கிட்டுப் போய்ப் பாலத்துத் தூண் பக்கம் விடுது. ஒருத்தர் சாப்பாட்டு டப்பா மூடியால துடுப்புப் போடறாரு. பல்லு பிடுங்கப் போன இன்னொருத்தரு, எனக்கு வலியே போயிடுச்சு, என்னை வீட்டுலயே இறக்கி விடுங்கன்னு அழுவறாரு!"

கழியைத் தூக்கி வந்தவர்கள் சிரித்தனர். கப்பித்தான் சிரிக்கவில்லை. மணல் படகு ஒன்று தற்செயலாக அவ்வழி வந்து கயிறு வீசி இழுத்திராவிட்டால், அன்று பேசுவதற்கு வேறு செய்தி இருந்திருக்கும் என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

"இதைக் கேட்டுக்கோ," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சாயங்காலம் நாலு மணிக்குப் படகுச் சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. ஏன் நின்னுச்சுன்னு நான் சொல்லியாகணும். பம்பு சரியில்லைன்னா உன் பேரைச் சொல்லுவேன். பெட்ரோல் சரியில்லைன்னா அந்த அம்மா பேரைச் சொல்லுவேன். என் பேரை மட்டும் நான் சொல்லமாட்டேன்."

"அந்த அம்மா" என்று அவர் குறிப்பிட்டவர் துறைக்கு அடுத்த தெருவில் ட்ரம்களில் பெட்ரோல் வைத்து விற்பவர். அவர் என் சம்பந்தியம்மாவும் ஆவார். என் ஒரே மகளை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கப்பித்தான் சென்றபின் எஞ்சினைச் சட்டத்தில் மாட்டி, பம்பைக் கழற்றினேன். அதன் நான்கு திருகுகளும் நான் முடுக்கியபடியே இருந்தன. மூடியைத் திறந்தேன். உள்சுவரில் வெண்மையான பொடி பூத்திருந்தது. ரப்பர் தாள் தன் மென்மையை இழந்து, வெயிலில் கிடந்த தோல்போல் விறைத்திருந்தது. பெட்ரோலை உள்ளே விட்டுத் திரும்பிப் போகாமல் தடுக்கும் சிறு தகடுகளில் ஒன்று துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. பதினோரு நாள்களில் ஒரு பம்பு தானாக இந்நிலையை அடையாது.

படகின் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலை வடித்து, சன்னல் விளிம்பில் வைத்தேன். பெட்ரோலும் தண்ணீரும் சிறிது நேரம் ஒன்றாக இருப்பதுபோல் நடிக்கும், பின்பு பிரிந்துவிடும். தண்ணீர் கனமானதாகையால் அடியில் தங்கும். ஐந்து நிமிடத்தில் புட்டியின் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்கும் பெட்ரோலுக்கும் இடையே, அளவுகோல் வைத்து வரைந்ததைப்போல் ஒரு கோடு தெரிந்தது.

தண்ணீர் பம்புக்குள் ஏறி, உலோகத்தை அரித்து, தாளைக் கெடுத்திருக்கிறது. ஐயத்திற்கு இடமில்லை. பதினோரு நாள்களுக்கு முன் நான் கழற்றி எறிந்த பழைய பம்பிலும் இதே வெண்பொடி இருந்தது என்பதும் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று நான் பம்பை மாற்றினேனே தவிர, அந்தப் பம்பு ஏன் செத்தது என்று கேட்கவில்லை. அது என் தொழிலுக்கு அழகன்று.

என் மீது குற்றமில்லை என்று காட்டுவதற்கு அந்தப் புட்டி ஒன்றே போதுமானது. ஆயினும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். காரணத்தைக் கூறுகிறேன்.

என் மருமகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்திற்கு ஒருமுறைதான் வருவார். ஆகவே அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்திருக்கின்றனர். கடந்த மார்ச் மாதம் என் மகள், கடையின் பூட்டுத் துருப்பிடித்துவிட்டதென்று மாமியாரிடம் சொல்லாமலே புதிய பூட்டு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாள். மறுநாள் அதிகாலையில் அவ்வம்மையார் பழைய சாவியைத் திணித்துத் திணித்துப் பார்த்து, வாடிக்கையாளர் எட்டுப்பேர் முன்னிலையில் தம் கடையையே தம்மால் திறக்க முடியாமல் நின்றார். பேச்சு தடித்தது. என் மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இருபத்திரண்டு நாள்கள் தங்கினாள். மருமகன் கப்பலிலிருந்து இருபுறமும் கெஞ்சியதன் விளைவாகத் திரும்பிச் சென்றாள். அன்றிலிருந்து அவ்விருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. "சோறு இருக்கு" என்று மாமியார் சுவரிடம் சொல்வார். "ஆச்சு" என்று மருமகள் சன்னலிடம் சொல்வாள்.

இத்தகைய வீட்டை நோக்கி, "உங்கள் பெட்ரோலில் தண்ணீர்" என்று பெண்ணைப் பெற்றவன் விரல் நீட்டினால் என்ன ஆகும்? என் மகள் மீண்டும் பெட்டியைத் தூக்குவாள். இரண்டாம் முறை அவள் வந்தால், அது விருந்தாளியின் வருகையாக இராது. அதுவே முடிவாகிவிடும்.

பதினொரு மணிக்குத் தேநீருடன் வந்த என் மனைவி புட்டியைப் பார்த்தவுடன் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

"என்னங்க, இதைத் தூக்கிக்கிட்டு அங்க போகப் போறீங்களா?"

"போகாம? நாலு மணிக்கு அவன் சங்கத்துல என் பேரைச் சொல்லுவான்."

"சொல்லட்டுமே. பம்பு சரியா மாட்டலைன்னு ஒத்துக்கிட்டா தலையா போயிடும்?"

"முப்பது வருஷத்துப் பேரு போயிடும்டி."

"பேரு போனா சம்பாதிச்சுக்கலாம். பொண்ணு வாழாம வந்து உட்கார்ந்தா?" அவள் புட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்து வைத்தாள். கோடு கலைந்து, மீண்டும் தோன்றியது. "போறதுன்னா போங்க. ஆனா போன இடத்துல வாயைக் கொஞ்சம் வாடகைக்கு விட்டுட்டு உட்காருங்க."

பொய்யாகப் பழியை ஏற்றுக்கொள்வது எளிது. அவ்வாறு செய்யலாம் என்று நான் ஏறக்குறைய முடிவு செய்தும்விட்டேன். ஆனால் ஒன்று குறுக்கே நின்றது. தண்ணீர் கலந்த பெட்ரோல் கப்பித்தானுக்கு மட்டும் விற்கப்பட்டிருக்காது. மாலைப் பயணத்திற்காக நண்பகலில் பெட்ரோல் வாங்கிச் செல்வது எங்கள் துறையின் வழக்கம். பாலத்தின் தூண் அங்கேயே இருக்கிறது. மணல் படகோ நாள்தோறும் அந்நேரத்தில் வந்துகொண்டிருக்காது.

ஒன்றரை மணிக்குப் புட்டியை ஒரு துணிப்பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

சம்பந்தியம்மாவின் கடை நீண்டு ஒடுங்கிய ஓர் அறை. வாசலில் ஒரு சைக்கிள் சார்த்தியிருந்தது. முன்புறம் ஒரு மேசை, ஒரு தராசு, எண்ணெய்ப் புட்டிகள் அடுக்கிய மரத்தட்டு, மணல் நிரம்பிய இரண்டு சிவப்பு வாளிகள். பின்புறக் கதவைத் திறந்தால் சுவர் சூழ்ந்த முற்றம். ட்ரம்கள் அங்கேதான் இருந்தன. என் மகள் மேசைக்கு அருகே நின்று கேன்களுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது; என் முகத்தைப் பார்த்தபின் வாடியது.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! வெயில்ல நடந்தா வந்தீங்க? சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே!" என்றார் அம்மையார், எழுந்து நின்று. எங்கள் வீட்டுக்கும் அக்கடைக்கும் இடையே நூற்றெழுபது அடிதான். வெயிலும் அவ்வளவாக இல்லை.

"இருக்கட்டும் சம்பந்தி, நீங்க உட்காருங்க."

"நீங்க உட்காராம நான் எப்படி உட்காருவேன்?"

"நீங்க நிக்கறப்போ எனக்கு எப்படி..."

இவ்வாறு சிறிது நேரம் இருவரும் நின்றோம். பின்னர் ஒரே நேரத்தில் அமர்ந்தோம். அம்மையார் சுவரைப் பார்த்து, "தேநீர் போடணும்," என்றார். "போட்டாச்சு," என்று மகள் மரத்தட்டிடம் சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கொண்டு வந்து வைத்தாள்.

நான் மழையைப் பற்றிப் பேசினேன். மருமகனின் உடல்நலத்தைக் கேட்டேன். மீண்டும் மழையைப் பற்றிப் பேசினேன். மடியிலிருந்த பை கனத்தது.

"கப்பித்தான் படகு காலையில நடு ஆத்துல நின்னுச்சாமே?" என்று அம்மையாரே தொடங்கினார். "பம்புன்னு பேசிக்கிறாங்க. நீங்க போட்ட பம்பாச்சே, அப்படி இருக்காதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவருடைய நற்சொல் என்னை மேலும் சங்கடப்படுத்தியது. "பம்பு கெட்டது உண்மைதான் சம்பந்தி," என்றேன்.

"பையில என்ன? பிடிச்சுக்கிட்டே இருக்கீங்களே, குழந்தை மாதிரி."

வேறு வழியில்லாமல் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூவரும் அதைப் பார்த்தோம். நடந்து வந்ததில் கலங்கியிருந்த புட்டி, எங்கள் கண் முன்னே மெல்லத் தெளிந்து, அந்தக் கோட்டை வரைந்து காட்டியது.

அம்மையாரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் தண்ணி கலந்து விக்கறேன்னு சொல்ல வந்தீங்களா?" என்றார். மரியாதை குறையவில்லை, வெம்மை மட்டும் போய்விட்டது. "இருபத்தாறு வருஷம். ஒரு படகு, ஒரே ஒரு படகு என் பெட்ரோலால நின்னுச்சுன்னு யாராவது சொல்லட்டும்."

"ஐயையோ, அப்படிச் சொல்லுவேனா? நீங்க கலக்கலை. எங்கேயோ தானா சேருது. எங்கேன்னு பார்க்கலாமான்னுதான்..."

"பாருங்க. நல்லா பாருங்க. சம்பந்தி வீட்டுல சோதனை போடறதுக்கு உங்களுக்கு இல்லாத உரிமையா?"

என் மகள் கையிலிருந்த மூடியைத் திருகிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தாள்.

முற்றத்திற்குச் சென்றேன். நான்கு ட்ரம்கள் சுவரோரமாக வரிசையாக நிமிர்ந்து நின்றன. மேலே கூரை இல்லை. ஒவ்வொரு ட்ரம்மின் தலையிலும் மூன்று நாள் மழை, விளிம்புவரை, ஒரு பெரிய தட்டில் ஊற்றியதைப்போல் தேங்கி நின்றது. அந்த நீருக்குள்ளே மூடித்திருகு மூழ்கியிருந்தது. முன்னிரண்டு ட்ரம்களில் திருகின் மேற்பகுதி மட்டும் சிறு தீவுபோல் தெரிந்தது.

எனக்கு அனைத்தும் விளங்கிவிட்டது. ட்ரம்மும் மூச்சு விடும் என்பது இத்தொழிலில் உள்ளவர்களும் மறந்துவிடும் உண்மையாகும். பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் ஆவி விரிந்து, திருகின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. மழை விழுந்து ட்ரம் குளிரும்போது அது மூச்சை உள்ளிழுக்கிறது. அந்நேரத்தில் திருகின்மேல் காற்று இருந்தால் காற்றை இழுக்கும்; தண்ணீர் இருந்தால் தண்ணீரை இழுக்கும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் இதைத் தடுக்க இயலாது. ஆகையினால்தான் பெட்ரோல் ட்ரம்மைப் படுக்க வைக்க வேண்டும். படுத்த ட்ரம்மின் தலையில் மழை நிற்காது.

இவ்வளவையும் இருவருக்கும் விளக்கினேன். விளக்குவதில் எனக்குள்ள விருப்பத்தினால், யார் எதிரில் பேசுகிறேன் என்பதைச் சற்று மறந்தும்விட்டேன். கடைசியில் இவ்வாறும் கேட்டேன்:

"இது அடிப்படை விஷயமாச்சே. இதை எவன் நிமிர்த்தி வைக்கச் சொன்னான்?"

அம்மையார் ஏதோ சொல்ல வாயெடுத்து, இதழைக் கடித்து, முற்றத்துச் சுவரைப் பார்த்தார். என் மகள்தான் பேசினாள்.

"அப்பா, நீங்கதான்."

"நானா?"

"கல்யாணமான மூணாவது மாசம். நீங்க இங்க வந்திருந்தீங்க. கல்லு விலகி ஒரு ட்ரம் உருண்டு என் கால் பக்கத்துல வந்து நின்னுச்சு. நீங்க பயந்து கத்தினீங்க. இனிமே ஒரு ட்ரம்கூட படுத்திருக்கக்கூடாது, எல்லாத்தையும் நிமிர்த்துங்கன்னு அத்தைகிட்ட சொன்னீங்க."

சொன்னேன். அந்த நாள், அந்த ட்ரம்மின் உறுமல், என் மகளின் பாதத்திற்கும் அதற்கும் இடையே இருந்த ஒரு சாண் இடைவெளி, எல்லாம் திரும்பி வந்தன. அப்போது நான் மெக்கானிக்காக இருக்கவில்லை. அப்பனாக மட்டுமே இருந்தேன். அதற்குப்பின் வந்த முதல் மழைக்காலம் இது; ஜூன் தொடக்கத்திலிருந்தே மழை வந்து வந்து போயிற்று.

"எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்திலேர்ந்தே படுக்க வச்சுத்தான் பழக்கம்," என்றார் அம்மையார் மெதுவாக. "நிமிர்த்தினா தண்ணி இறங்கும்னு அவர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

"தெரிஞ்சுமா? அப்ப ஏன் சம்பந்தி என்கிட்ட சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? பொண்ணு கொடுத்தவரு. கல்யாணத்துல இது வேணும் அது வேணும்னு ஒரு வார்த்தை கேட்கலை. முதமுதலா வாய் திறந்து ஒண்ணு கேட்டீங்க. அதையும் மாட்டேன்னு சொன்னா நான் என்ன மனுஷி? நாலு ஆள் வச்சு நிமிர்த்தினேன். மழை வந்தா துடைச்சுவிடலாம்னு நினைச்சேன். ஒரு மாசமா இடுப்பு பிடிச்சுக்கிச்சு, குனிஞ்சு நிமிர முடியலை. துடைங்கன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னால் சுவர் துடைக்காது.

நான் துணிப்பையை மடித்தேன். "சரி. நாலு மணிக்குச் சங்கத்துக்கு நான் போறேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடறேன்."

"போகக்கூடாது."

"ஏன் சம்பந்தி?"

"ட்ரம்மு யாரோடது? பெட்ரோல் யாரோடது? நீங்க போய் நான்தான்னு நின்னா, தன் தப்பைச் சம்பந்தி தலையில கட்டிட்டாளேன்னு ஊரு என்னைத்தான் காறித் துப்பும். நான் போறேன்."

"நீங்க போனா, பொண்ணு வாழற வீட்டை மெக்கானிக் சந்தியில நிறுத்திட்டான்னு என்னைத் துப்பும்."

"துப்பினா துடைச்சுக்கலாம். நீங்க உட்காருங்க."

"நீங்க முதல்ல உட்காருங்க, இடுப்பு வலியோட நிக்கறீங்க."

"என் இடுப்பைப் பத்தி நான் சொன்னேனா?"

"இப்பதானே சொன்னீங்க!"

பழியை அடுத்தவர்மீது தள்ளுவதற்காக மனிதர்கள் சண்டையிட்டு நான் பார்த்திருக்கிறேன். அதைத் தம் பக்கம் இழுப்பதற்காகச் சண்டையிட்டுப் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு சொல்லிலும் "சம்பந்தி" என்ற மரியாதை இருந்தது. ஒவ்வொரு மரியாதையிலும் ஒரு முள் இருந்தது. தேநீர் ஆறி ஏடு படிந்தது. இருவரும் பேச்சில் முழுகியிருந்தபோது, விற்றுப்போன பெட்ரோலைப்பற்றி நான்தான் முதலில் நினைவுகூர்ந்தேன்.

"சம்பந்தி, இன்னைக்கு மத்தியானம் எத்தனை கேன் போச்சு?"

அம்மையார் திரும்பி, முதன்முறையாகச் சுவரை விட்டுவிட்டு, என் மகள் நின்ற இடத்தை நேராகப் பார்த்தார். அங்கே எவரும் இல்லை. வாசலில் சார்த்தியிருந்த சைக்கிளும் இல்லை. மேசைமேல் இருந்த கண்ணாடிப் புட்டியும் இல்லை.

அவருடைய தாடை இறுகியது.

"பார்த்தீங்களா," என்றார். "மறுபடியும். ஒரு வார்த்தை சொல்லலை."

மார்ச் மாதத்தில் சண்டை பூட்டினால் வந்தது என்று ஊரார் சொல்வர். உண்மையில் அது சொல்லாமல் செய்ததனால் வந்தது. இப்போது அவள் மீண்டும் சொல்லாமல் செய்துவிட்டாள். அதுவும் கடையின் பெயரையே கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லப்படாத கடையைப்பற்றித் துறையில் அவள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ?

"சின்னப் பொண்ணு சம்பந்தி..." என்று தொடங்கினேன்.

"வாங்க," என்றார் அவர் சுருக்கமாக. கடையைப் பூட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வழி முழுதும் நான் என் வாயை, மனைவி சொன்னபடி, வாடகைக்கு விட்டிருந்தேன்.

துறையை அடைந்தபோது மணி மூன்றேகால் இருக்கும். படிக்கட்டின் மேல்தட்டில் பச்சைக் கேன்கள் ஆறு வரிசையாக நின்றன. அவற்றின் முன்னால் என் மகள் புட்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். சேலையின் ஓரத்தில் சைக்கிள் சங்கிலியின் கரி அப்பியிருந்தது. படகோட்டிகள் ஏழெட்டுப்பேர் அவளைச் சூழ்ந்திருந்தனர். நடுவே கப்பித்தான்.

எங்களைக் கண்டதும் அவர் கையை விரித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க! உங்க மருமக பண்ற அக்கிரமத்தைப் பாருங்க. புறப்படப் போன படகையெல்லாம் நிறுத்தி, கேனைப் பிடுங்கி வச்சிருக்கு. எங்க கடை பெட்ரோல்ல தண்ணி இறங்கிடுச்சு, யாரும் எஞ்சினைத் தொடாதீங்க, வேற பெட்ரோல் தர்றோம்னு சொல்லுது. யாரு அனுப்பினதுன்னு கேட்டா, எங்க அத்தைதான் அனுப்பினாங்கன்னு சொல்லுது." அவர் கண்களைச் சுருக்கினார். "இத்தனை வருஷத்துல உங்க வாயிலேர்ந்து தப்புங்கிற வார்த்தையை நாங்க கேட்டதே இல்லை. நிஜமாவே நீங்கதான் அனுப்பினீங்களா?"

என் மகள் புட்டியைத் தாழ்த்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. தான் சொன்ன பொய்க்குச் சொந்தக்காரரே நேரில் வந்துவிட்டார். அவர் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். துறை முழுவதற்கும் முன்னால் அவள் பொய்க்காரி. அன்று மாலையே பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

அம்மையார் மூச்சு வாங்க நின்றார். கேன்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்பு மருமகளின் கரி படிந்த சேலை ஓரத்தைப் பார்த்தார்.

"பின்ன வேற யாரு அனுப்புவாங்க?" என்றார். "எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, ஓடி வர முடியுமா? அதான் அனுப்பினேன்." உடனே, சுவரும் சன்னலும் இல்லாத அந்தத் திறந்த வெளியில், மருமகளின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "ஏழு கேன் போயிருக்கணுமே? இங்க ஆறுதானே இருக்கு?"

என் மகள் தானும் அவரை நேராகப் பார்த்து, "ஐஸ் கட்டி ஏத்தற படகுல ஒரு கேன் போயிடுச்சு அத்தை," என்றாள். "நான் வரும்போதே கிளம்பிட்டாங்க. எஞ்சினை நிறுத்துங்கன்னு கத்தினேன். துணியைக் காட்டினேன். நிறுத்திட்டாங்க. துடுப்புப் போட்டு வந்துட்டிருக்காங்க, அதோ."

"துடுப்பா? ரெண்டு பேரா? நீரோட்டம் இழுக்காதா?"

"கரையோரமா வரச் சொல்லியிருக்கேன்."

"ம். அதான் சரி."

நான் முன்வந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது ஆண்மையன்று. "கப்பித்தான், எல்லாரும் கேட்டுக்கோங்க. ட்ரம்மை நிமிர்த்தி வைக்கச் சொன்னது நான். அதனாலதான் தண்ணி இறங்குச்சு. கடை மேல தப்பில்லை. முதல் பம்பு போனப்பவே நான் காரணம் தேடியிருக்கணும். தேடலை."

கப்பித்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? மெக்கானிக்கா? தண்ணி எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் இறங்கும்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பியே, அந்த மெக்கானிக்கா?"

அவர்கள் சிரித்தனர். நெடுநேரம் சிரித்தனர். ஒருவர் என் பட்டறைக்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயரும் சூட்டினார். நான் நின்று கேட்டுக்கொண்டேன். முப்பது ஆண்டுப் பெயரில் ஒரு கீறல் விழுந்தது என்பது உண்மையே. அது வலிக்கவும் செய்தது. சிரித்து முடித்தபின் கப்பித்தான், "சரிய்யா, நாலு மணிக்கு நான் தனியாப் போய்ப் பேசிக்கறேன். எஞ்சினை எப்பக் கொடுப்பே?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். பம்பை என் செலவில் மாற்றுவதாகவும் சொன்னேன்.

அதற்குள் ஐஸ் படகு கரையோரமாகவே ஊர்ந்து வந்து படிக்கட்டைத் தொட்டது. துடுப்புப் போட்ட இருவரும் வியர்வையில் நனைந்திருந்தனர். அவர்களில் ஒருவர் ஏழாவது கேனைத் தூக்கிக் கீழ்ப்படியில் வைத்தார். என் மகள் படியிறங்கி, அதை எடுக்கக் குனிந்தாள்.

"நீ தூக்காதே," என்றார் அவளுடைய மாமியார். "சம்பந்தி சும்மாதானே நிக்கறாரு, அவர் தூக்கட்டும். நீ மேல வந்து யாரு யாருக்கு எத்தனை லிட்டர் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லு."

நான் பாசி படிந்த பதினேழு படிகளிலும் இறங்கி, அக்கேனைத் தூக்கிக்கொண்டு ஏறி, மற்ற ஆறுக்கும் பக்கத்தில் வைத்தேன். அப்போது மாலை மூன்று மணி நாற்பத்தாறு நிமிடம்.